மீன் தொட்டியை வீட்டில் எங்கே வைப்பது?



அலங்கார மீன் வளர்ப்பு பற்றி நம் குழுக்களில் இப்போது பேச்சு அடிபடுகிறது. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று சின்னதாக ஒரு கண்ணாடித் தொட்டி வைக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கொல்லையில் நாலு உறை இறக்கி, குஞ்சு வளர்த்துக் கடைக்குக் கொடுத்தால் கையில் நாலு காசு நிற்குமே என்று உள்கடன் கேட்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் முதல் பாடம் ஒன்றுதான். தொட்டியை எங்கே வைப்பது? எந்த மீன், என்ன தீனி என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கின புதிதில் தொட்டி பளிச்சென்று இருக்கும். மூன்றாம் மாதம் கண்ணாடியில் பச்சைப் பாசி ஏறும். அதற்கும் கொஞ்ச நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் தொட்டி காலியாகி, உள்ளே வெங்காயமும் பழைய சீப்பும் கிடக்கும். என்னம்மா ஆச்சு என்று கேட்டால், "நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்லக்கா" என்பார்கள். ராசி மேல் பழி போடுவதற்கு முன்னால் அந்தத் தொட்டி இருந்த இடத்தைப் பாருங்கள். கட்டிலுக்குப் பின்னால், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், கை நுழையாத மூலையில் இருந்திருக்கும். அங்கே போய்த் தண்ணீர் மாற்றுவது சிரமம். சிரமமான வேலை இந்த வாரம் தள்ளிப்போகும், அடுத்த வாரமும் தள்ளிப்போகும்.

தள்ளிப்போனால் என்ன ஆகிறது? மீன் விடும் கழிவும், தின்னாமல் அடியில் விழுந்த தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்குமே ஒரு நெடி, அதே சரக்குதான். தொட்டியில் இருக்கும் கூழாங்கல்லிலும் பில்டர் பஞ்சிலும் நல்ல நுண்ணுயிர்கள் குடியேறி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பொருளாக மாற்றும். அந்த மாறிய பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியே எடுக்க நமக்குத் தெரிந்த வழி பழைய தண்ணீரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவதுதான். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். ஒரேயடியாக முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் பஞ்சையும் சோப்புப் போட்டுக் கழுவினால் அந்த நல்ல நுண்ணுயிரும் சேர்ந்து போய்விடும். "நேத்துதான் சுத்தமா கழுவினேன், இன்னைக்கு மீன் செத்துக் கிடக்கு" என்பதன் காரணம் பல நேரம் இதுதான்.

முதலில் குடத்தை எண்ணுங்கள்

இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டிதான் வீடுகளுக்குச் சரியான அளவு. மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 47 லிட்டர் பிடிக்கும். கால் பங்கு என்றால் 12 லிட்டர். அதாவது வாரம் ஒரு குடம் தண்ணீர் உள்ளே போக வேண்டும், ஒரு குடம் வெளியே வர வேண்டும். ஆசைப்பட்டு மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் வாங்கினால் பார்ப்பதற்கு இரண்டும் பெரிய வித்தியாசம் இல்லாதது போலத் தோன்றும். ஆனால் அது விளிம்பு வரை சுமார் 190 லிட்டர் பிடிக்கும். வாரம் மூன்று நாலு குடம் வேண்டும்.

திருவாடானை பக்கத்துப் பெண்களுக்குக் குடத்தின் கனத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கி ஊருணிக்கும் குழாயடிக்கும் நடக்கிறவர்கள் நாம். காசு கொடுத்துக் குடிதண்ணீர் வாங்கும் ஊர்களும் உண்டு. தொட்டியைத் தம்பி வாங்கி வரலாம், பிள்ளைகள் வேடிக்கை பார்க்கலாம். தண்ணீர் சுமப்பது யார்? வீட்டுப் பெண்தான். அதனால் இடத்தை முடிவு செய்யும் உரிமையும் அவருக்கே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று முன்வாசல் அறையில் வைக்கச் சொல்வார்கள். தண்ணீர்ப் பானை இருக்கும் இடத்திலிருந்தும், கழிவுத் தண்ணீர் போகும் வாசலிலிருந்தும் பத்து எட்டு தூரத்துக்குள் அந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே வையுங்கள். இல்லாவிட்டால் அழகு இரண்டாம் பட்சம்.

எடுக்கும் தண்ணீரை வீணாக்க வேண்டாம். மீன் கழிவு கலந்த தண்ணீர் கத்தரிச் செடிக்கும் முருங்கைக்கும் நல்ல உரம். தொட்டி சன்னல் ஓரமாக இருந்து, சன்னலுக்கு வெளியே தோட்டம் இருந்தால் ஒரு டியூப் போதும், வாளியே தூக்க வேண்டாம். டியூபின் ஒரு முனை தொட்டிக்குள், மறு முனை அதைவிடத் தாழ்வான இடத்தில் இருந்தால் தண்ணீர் தானாக இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டாம். டியூப் முழுவதும் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் விரலால் அடைத்து, ஒன்றை உள்ளே விட்டு மற்றதைத் திறந்தால் போதும்.

கை எட்ட வேண்டும்

உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நின்றபடி கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்குங்கள். ஐந்து அடி உயரமுள்ள பெண்ணுக்கு முழங்கை தரையிலிருந்து மூன்று அடிக்குச் சற்று மேலே இருக்கும். தொட்டியின் மேல் விளிம்பு அந்த மட்டத்தில் இருக்க வேண்டும். தொட்டி ஒரு அடி உயரம் என்றால் அடியில் வைக்கும் ஸ்டாண்டு இரண்டு அடி. இப்படி வைத்தால் முக்காலி போட்டு ஏறாமல், குனியாமல், நான்கு மூலையின் அடிப்பாகமும் கைக்கு எட்டும். கீழே வாளி வைத்தால் தண்ணீர் வேகமாகவும் இறங்கும்.

தரையில் வைக்காதீர்கள். குழந்தை தவழ்ந்து வந்து கை விடும், கோழி ஏறும், முதுகு ஒடியக் குனிந்து வேலை செய்ய வேண்டும். அதேபோல மேலே பரண், அலமாரி, சுவாமி படம் என்று எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. மூடியைத் திறந்து வலையை நேராக நிறுத்த ஒன்றரை அடி வெற்றிடம் மேலே வேண்டும். பின்பக்கம் சுவரிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி வையுங்கள். பல்லி விழுந்தாலும், ஒயர் கழன்றாலும், கண்ணாடி கசிந்தாலும் அந்த இடைவெளியில்தான் கை விட்டுப் பார்க்க முடியும்.

அடுத்தது கனம். இரண்டடித் தொட்டியில் தண்ணீர் 47 கிலோ, கண்ணாடி ஒன்பது பத்து கிலோ, கல் ஐந்தாறு கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையைவிட அதிகம், அதுவும் இரவு பகல் இறக்கி வைக்காத பாரம். டி.வி. ஸ்டாண்டும் பிளாஸ்டிக் மேசையும் தாங்காது. பிரிட்ஜ் மேல் வைப்பதும் வேண்டாம், அதிர்வும் சூடும் இருக்கும். நம் ஊர் இரும்புப் பட்டறையில் ஆங்கிள் வைத்து ஸ்டாண்டு அடித்துத் தருவார்கள். செங்கல்லை அடுக்கி மேலே கடப்பாக்கல் போட்டாலும் சரிதான், நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன், துருப் பிடிக்காது. மட்டம் சரியாக இருக்கிறதா என்று கொத்தனாரின் ரசமட்டத்தை வாங்கி வைத்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால் பாதித் தண்ணீர் ஊற்றிய நிலையில் இரண்டு ஓரத்திலும் நீர்மட்டத்தை அளந்தால் தெரிந்துவிடும். சாய்வாக நின்றால் ஒரு பக்கம் கண்ணாடி ஒட்டின பசை மீது பாரம் விழுந்து, ஒருநாள் ராத்திரி விட்டுக் கொடுக்கும். தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மோகோல் அட்டை விரித்துவிட்டால் சின்ன மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். நிரப்பின தொட்டியை எந்தக் காரணம் கொண்டும் நகர்த்தாதீர்கள்.

வெயில், புகை, கரண்டு

மேற்குச் சன்னலுக்கு எதிரே வைத்த தொட்டி, பங்குனி சித்திரையில் மூன்று மணிக்கு வெந்நீர் அண்டாதான். நாம் வளர்க்கும் சாதாரண மீன்களுக்கு 24 முதல் 30 டிகிரி வரை ஒத்துக்கொள்ளும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுவது பசியால் என்று நினைத்துத் தீனி போடுகிறோம், அது மூச்சுத் திணறலாக இருக்கலாம். நேர் வெயில் பாசியையும் வளர்க்கும். அதற்காக இருட்டறையும் வேண்டாம். காலையில் வெளிச்சம் வந்து, வெயில் மேலே விழாத கிழக்கு அல்லது வடக்குச் சுவர் நல்லது. தகரக் கூரை வீடாக இருந்தால் அந்தத் தொட்டிக்கு நேர் மேலே மட்டுமாவது ஓலைத் தட்டி கட்டுங்கள்.

வடக்கு கிழக்கு என்றதும் வாஸ்து நினைவு வரும். கடைகளில் வாஸ்து மீன் என்றே தனி விலை சொல்லி விற்கிறார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் வாஸ்து சொன்ன மூலைக்கு வாளி போகுமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வெயிலில் தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது இன்னொரு விஷயம் நடக்கிறது. தண்ணீர் மட்டும்தான் போகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. குறைந்ததை மறுபடி உப்புப் போர்த் தண்ணீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கடற்கரைப் பக்கத்து ஊர்களில் இது பெரிய தொல்லை. குறையும் அளவை மழைத் தண்ணீரோ ஊருணித் தண்ணீரோ கொண்டு ஈடு செய்யுங்கள். குழாயில் வரும் கூட்டுக் குடிநீர் என்றால் குளோரின் கலந்திருக்கும். அகலமான பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். அந்தப் பாத்திரத்துக்கும் தொட்டி அருகிலேயே இடம் ஒதுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நம் தண்ணீருக்கு மோலி மீன் நன்றாக ஒத்துவரும், லேசான உப்பைத் தாங்கும். கப்பியும் அப்படியே. டெட்ரா வகை மீன்களுக்கு உப்பில்லாத மென்மையான தண்ணீர் வேண்டும், நமக்கு அது சரிப்படாது.

அடுப்படியில் தொட்டி வேண்டாம். தாளிக்கும் எண்ணெய் ஆவி தண்ணீர் மேல் படலமாகப் படிந்து காற்றை உள்ளே விடாது. கொசுவர்த்தி, கொசு மருந்து, கரப்பான் ஸ்பிரே வைக்கும் அறையும் வேண்டாம். இவற்றில் இருக்கும் பைரித்ராய்டு என்ற மருந்து, மனிதரைவிட மீனை மிகக் குறைந்த அளவிலேயே கொல்லும். காற்று மோட்டார் அறையில் இருக்கும் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது, புகையையும் சேர்த்துத்தான் விடும். மிளகாய்க்கும் பருத்திக்கும் அடிக்கிற மருந்துகளிலும் இந்த வகை உண்டு. மருந்து டப்பாவும் ஸ்பிரேயரும் இருக்கும் அறையில் தொட்டி வைக்காதீர்கள். மருந்தடித்துவிட்டு வந்தவர், கை கழுவியிருந்தாலும் அன்றைக்குத் தொட்டிக்குள் கை விட வேண்டாம்.

கரண்டு விஷயம் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இதில் உயிர் இருக்கிறது. பிளக் பாயிண்ட் தொட்டிக்கு நேர் கீழேயோ நேர் பின்னாலோ இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். மோட்டாரிலிருந்து வரும் ஒயர் நேராகப் பிளக்குக்குப் போகாமல், பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறிப் போக வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிக் கீழே விழும், பிளக்குக்குள் போகாது. கை உள்ளே விடுவதற்கு முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்குங்கள். எட்டிப் பிடுங்க முடியாத இடத்தில் பிளக் இருந்தால் யாரும் பிடுங்க மாட்டார்கள், ஆகவே அதுவும் கைக்கு எட்ட வேண்டும்.

காற்று மோட்டாரை நீர்மட்டத்தைவிட உயரத்தில் ஆணியடித்து மாட்டுங்கள். கீழே வைத்திருந்தால் கரண்டு போனதும் தொட்டித் தண்ணீர் டியூப் வழியே மோட்டாருக்குள் இறங்கிவிடும். மோட்டாரும் போகும், ஷாக்கும் அடிக்கும். கரண்டு அடிக்கடி போகும் ஊர்க்காரர்கள் பைட்டர், கௌராமி போன்ற மீன்களில் தொடங்கலாம். அவை மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும், மோட்டார் நின்றாலும் தாக்குப்பிடிக்கும். ஆண் பைட்டர்களை மட்டும் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள், ஒன்றை ஒன்று கடித்துக் குதறும்.

கொல்லையில் உறை இறக்குபவர்களுக்கு

விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்கும் இதே கணக்குதான், குடம் மட்டும் பெருகும். மூன்று அடி விட்டமுள்ள சிமெண்ட் உறையில் இரண்டடி தண்ணீர் என்றால் சுமார் 400 லிட்டர். நாலு உறை என்றால் 1,600 லிட்டர். வாரம் கால் பங்கு மாற்ற 400 லிட்டர், அதாவது சுமார் 30 குடம். உள்கடன் வாங்குவதற்கு முன்னால் இந்த முப்பது குடம் கோடையில் எங்கிருந்து வரும் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அடிபம்போ மோட்டாரோ டியூப் எட்டும் தூரத்தில் இல்லாத கொல்லையில் நாலு உறை இறக்காதீர்கள். ஒன்று போட்டுப் பாருங்கள்.

உறைகளைத் தொழுவத்துக்கும் கக்கூஸ் குழிக்கும் தள்ளி வையுங்கள். புளிய மரத்தடி குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் இலை உதிர்ந்து அழுகும். வெயில்படும் இடத்தில் பச்சை வலையோ ஓலைப் பந்தலோ போடுவது நல்லது. அரை அடி மண்ணுக்குள் இறக்கினால் சுவர் தொடை உயரத்துக்கு வரும், பலகை போட்டு உட்கார்ந்தபடி வேலை செய்யலாம். இரண்டு உறைக்கு நடுவே, இடுப்பில் குடத்தோடு ஒரு ஆள் நடக்க இரண்டரை அடி விடுங்கள். இடம் மிச்சம் என்று ஒட்டி ஒட்டி வைத்தால் நடுவில் இருக்கும் உறைக்கு யாரும் போக மாட்டார்கள். ஐப்பசி கார்த்திகையில் நம் கொல்லைகளில் தண்ணீர் நிற்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். தரையை மேடாக்கி வைக்காவிட்டால், வளர்ந்த மீன் எல்லாம் ஒரே ராத்திரி மழையில் வாய்க்காலோடு போய்விடும். நிரம்பி வழிய ஒரு குழாய் விட்டு அதன் வாயில் வலை கட்டுங்கள். மேலேயும் வலை வேண்டும், காக்காயும் மீன்கொத்தியும் பூனையும் நமக்கு முன்னால் எண்ணி வைத்திருக்கும். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் கம்பி வலை மூடி இல்லாமல் உறையில் தண்ணீர் நிரப்பவே கூடாது.

புதுச் சிமெண்டில் உடனே மீன் விடக் கூடாது. சுண்ணாம்பு இறங்கி மீனைக் கொல்லும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊற வைத்து, மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, இரண்டு மூன்று வாரம் கழித்துத் தொடங்குங்கள்.

இதை வீட்டோடு இருந்தே செய்து காட்டிய பெண்கள் உண்டு. ஒடிசாவில் தேவ்கர் மாவட்டம் லண்டிஜாரி கிராமத்தில், புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு பெண்கள் கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்த்தார்கள். நம் மாநிலத்தில் சென்னை கொளத்தூரில் குடும்பம் குடும்பமாக இந்தத் தொழில் நடக்கிறது. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனா திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பீடும், பெண்களுக்கு 60 விழுக்காடு மானியமும் வைத்திருந்தார்கள். இந்த ஆண்டு என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், இடைத்தரகரிடம் கேட்காதீர்கள்.

தொண்டிக் கடல் பக்கத்தில் இருக்கும்போது கடல் மீனையே வளர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு எடுக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செய்து காட்டியிருக்கிறது. மண்டபத்தில் அதன் நிலையம் இருக்கிறது. ஆர்வம் உள்ளவர்கள் அங்கே போய்ப் பயிற்சி கேட்ட பிறகு இறங்குங்கள், முதல் தொட்டியிலேயே வேண்டாம். அழகுக்கு என்று பவளப் பாறைத் துண்டையோ கடல் குதிரையையோ எடுத்து வந்து தொட்டியில் போடாதீர்கள். 2001-ல் இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. எடுத்தாலும் வைத்திருந்தாலும் குற்றம். வளர்க்க முடியாமல் போன மீனை ஊருணியிலோ கண்மாயிலோ விடவும் வேண்டாம். டேங்க் கிளீனர் என்று விற்கிற மீன் நம் நீர்நிலைகளில் பெருகி, வலையைக் கிழித்து, நாட்டு மீனின் இரையைத் தின்றுகொண்டிருக்கிறது.

தொட்டி வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். அதே அளவுள்ள அட்டைப் பெட்டி ஒன்றை, நினைத்திருக்கும் இடத்தில், நினைத்திருக்கும் உயரத்தில் வையுங்கள். காலையிலும் மாலையிலும் மணிக்கொரு தடவை வெயில் அதன் மேல் விழுகிறதா என்று பாருங்கள். கதவு திறக்கும்போது இடிக்கிறதா, பிள்ளைகள் ஓடும்போது தட்டுகிறதா என்று பாருங்கள். ஒருநாள் ஒரு குடம் நிறையத் தண்ணீரைத் தூக்கி வந்து பெட்டியின் விளிம்பு வரை உயர்த்திப் பிடித்து, வாசலுக்குத் திரும்பிக் கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றுங்கள். எத்தனை எட்டு வந்தது, எங்கே சிந்தியது என்று குறித்துக்கொண்டு அடுத்த குழுக் கூட்டத்துக்கு வாருங்கள். மீன் வளர்ப்புக்கு உள்கடன் கேட்பவர்கள் வீட்டுப் படத்தை ஒரு தாளில் வரைந்து, தண்ணீர் எங்கே, தொட்டி எங்கே, பிளக் எங்கே என்று குறித்துக் கொண்டுவந்தால், ஊக்குநரும் மற்ற உறுப்பினர்களும் பார்த்து யோசனை சொல்ல வசதியாக இருக்கும்.